சீட்டு கொடுக்குமிடம்

திங்கட்கிழமை விடுமுறை.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்,
வருகிறவர்களில் பாதிப்பேர்
திங்கட்கிழமைதான் வருகிறார்கள்.

வடசேரியில் மார்த்தாண்டம் பஸ் எதிலும் ஏறலாம்.
தக்கலையில் இறங்கி
அரண்மனைக்கு வழி கேட்காதீர்கள்,
ஆட்டோக்காரர் அங்கேயே கொண்டு விட்டுவிடுவார்.
நாங்கள் அரண்மனை இல்லை.
ஓடு மாற்றிய பழைய பண்டகசாலை.
மூன்று அறை, ஒரு வராந்தா.
மழை பெய்தால் இரண்டு அறை.

பெரியவருக்குப் பதினைந்து, பிள்ளைக்கு ஐந்து.
பிள்ளை என்றால் பன்னிரண்டு வயது வரை,
மீசையை மழித்துவிட்டு வந்து வாதாட வேண்டாம்.
சில்லறை கொண்டுவந்தால் புண்ணியம்.
செருப்புக்கு டோக்கன் உண்டு.
பதினேழாம் நம்பர் டோக்கன் இரண்டு வருடமாகக் காணவில்லை,
அந்தச் செருப்பு மட்டும் இன்னும் இருக்கிறது.

ஒரு மணிக்குப் பூட்டி இரண்டுக்குத் திறப்போம்.
எதிர்க்கடையில் மரச்சீனியும் சாளைக் கறியும்
பன்னிரண்டரைக்கே தீர்ந்துவிடும்;
ஆகவே முதலில் சாப்பாடு, பிறகு சரித்திரம்.
கழிப்பறைச் சாவி என்னிடம்,
சிரட்டையில் கட்டிப் போட்டிருக்கிறேன்,
யாரும் பையில் போட்டுக்கொண்டு போகாமலிருக்க.

போனில் படம் எடுக்கலாம், பிளாஷ் கூடாது.
எதையும் தொடக்கூடாது.

தொட்டவர் ஒருவர் உண்டு.

ஆடி மாதம், சரியான சாரல்.
குலசேகரத்துக்கும் அப்பாலிருந்து இரண்டு பஸ் மாறி,
குடையை மடக்கத் தெரியாமல் மடக்கிக்கொண்டே
“ஒரு கல்லு பாக்கணும்” என்றார்.
கல் இருபத்திரண்டு இருக்கிறது, எந்தக் கல் என்றேன்.
“எங்க கிணத்தங்கரைக் கல்லு.
போன கொல்லம் ஜீப்புல ஏத்திக்கொண்டு வந்தினும்.”
பெயர் ரோசிலெட்.
பதினைந்து ரூபாய் என்றேன்.
“எனக்க கல்லப் பாக்க நான் ரூவா தரணுமா?”
விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்,
அப்படி ஒரு கேள்வியே அதில் இல்லை.
இருபது கொடுத்தார். என்னிடம் ஐந்து இல்லை.

இரண்டாம் அறை, பதினான்காம் எண்.
எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்:
எல்லைக்கல். வட்டெழுத்து. ஏழு வரிகள்.
நடுவே மூன்று வரிகள் தேய்ந்துள்ளன.

“தேஞ்சிருக்குண்ணு எழுதியிருக்கு.
ஆரு தேச்சதுண்ணு எழுதல்லியே?”

இருபத்தாறு வருடம் அதில்தான் துவைத்தாராம்.
புருஷன் பால்வெட்டு.
ரப்பர் பால் கறை லேசில் போகாது,
சட்டையைப் பிடித்து உரைத்த உரையில்
கை தோலுரியும், கல்லுக்கு என்ன.
நாலு பிள்ளைகளின் யூனிபார்ம்.
மாமியார் கிடையில் விழுந்த பதினொரு மாதம்
காலையும் மாலையும் விரிப்பு.
எழுத்தைப் பார்த்ததுண்டாம்;
கொத்துப் போட்ட கல், அழுக்கு நன்றாகப் போகும்
என்றுதான் நினைத்தாராம்.

அந்த மூன்று வரியில்தான்
நிலம் கொடுத்தவன் பெயர் இருந்திருக்கும் என்கிறார்கள்
என்று சொல்லிவிட்டேன்.
சொல்லியிருக்க வேண்டாம்.

ரோசிலெட் சற்று நேரம் பேசவில்லை.
பிறகு கேட்டார்,
“அவன் இப்பளும் தேடுவானோ?”

கயிற்றைத் தாண்டிக் கையை வைத்தார்,
துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறவர் போல.
கேமரா பார்த்தது.
நான் பதிவேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன்,
அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் வெறும் கோடுகள்தான்.
கையை எடுத்து மோந்து பார்த்து
“சோப்பு மணம் போயிட்டு” என்றார்,
பஸ்சுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.
ஐந்து ரூபாய் மேசை டிராயரில் தனியாகக் கிடக்கிறது.

குறிப்பட்டையில் ஒரு வரி சேர்க்கும்படி
மேலிடத்துக்கு எழுதினேன்.
பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது,
அதுவும் பரிசீலனையில் இருக்கும் காகிதத்தில்தான்
வந்தது போலிருந்தது.

மாலை ஐந்துக்கு மூடுவோம், நாலரைக்கு மேல் சீட்டு இல்லை.
பைகளை வெளியே வைக்கவும்.
பதினான்காம் எண்ணில், அச்சடித்ததற்குக் கீழே,
யாரோ பென்சிலால் ஒரு பெயர் எழுதியிருக்கிறார்கள்.
எழுத்து பொடி.
கண்ணாடி போடுகிறவர்கள்
மறக்காமல் எடுத்து வரவும்.